‘கூலி’ என்று எழுதிவிட்டால் போதுமா?

போன ஆவணியில் எங்கள் தெருவில் ஒரு பதினாறாம் நாள் காரியம். போய்ச் சேர்ந்தவனுக்கு வயது 34. பந்தியில் எனக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தவர், “எல்லாம் விதி சார். நாம என்ன பண்ண முடியும்?” என்றார். எதிர் வரிசையில் இருந்தவர் விடவில்லை. “விதியாவது மண்ணாவது! கும்மிடிப்பூண்டி கெமிக்கல்தான் பையனைக் கொன்னுடுச்சு” என்றார். அதற்குள் பாயசம் வந்துவிட்டது. இரண்டு பேரும் பேச்சை விட்டுவிட்டு இலையைப் பார்த்தார்கள்.

எனக்கு இரண்டு பேர் மீதும் கோபம் வந்தது. துக்க வீட்டில் காட்டக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன். இங்கே காட்டப்போகிறேன். கடைசியில் என் மீதும் கொஞ்சம் காட்ட வேண்டியிருக்கிறது.

பையன் பெயர் வேண்டாம். என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுவான். ஏழு வருடமாகக் காண்ட்ராக்டில் கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தான். விடிவதற்கு முன்பே வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். பெயிண்ட் செக்ஷனில் வேலை. இரும்பு உருப்படிகளைத் தின்னரில் கழுவுவது, துடைப்பது, ஸ்பிரே அடிப்பவருக்கு எடுத்துக் கொடுப்பது. வேன் இறங்கி வரும்போது சட்டையில் அந்த வாடை இருக்கும்.

ஆனி மாதம் அவனுக்கு ஈறு வீங்கியது. பல் தேய்த்தால் இரத்தம். சாதாரணப் பல்வலி என்று கிராம்புத் தைலம் தடவினார்கள். பிறகு திருவள்ளூரில் ஒரு பல் டாக்டரிடம் போனான். அந்த அம்மா கெட்டிக்காரர். பல்லில் கை வைக்காமல், “முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வாப்பா” என்று அனுப்பினார். வெள்ளை அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டரில் 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டும். இவனுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தது. இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டும். இருபதாயிரத்தைச் சொச்சம்தான் இருந்தது. அன்று இரவே சென்னை. இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பார்த்து, ‘அக்யூட் மோனோசைட்டிக் லுகேமியா’ என்றார்கள். காகிதத்தில் ஏ.எம்.எல். எம்-5 என்று போட்டிருந்தது. மருந்து ஏற ஆரம்பித்து இருபத்து மூன்றாம் நாள் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டுப் போய்விட்டான்.

அவன் அம்மா இன்றுவரை என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாள். “ஏண்ணே, பல்லு வலின்னுதானே போனான்? பல்லுல எப்பிடி இரத்தப் புத்துநோய் வந்துச்சு?”

விதி என்றவரும் கெமிக்கல் என்றவரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முயன்றது கூடக் கிடையாது. படித்துக் கேட்டுத் தெரிந்துகொண்ட அளவில் நான் சொல்கிறேன்.

நம் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் இரத்தம் தயாராகும் இடம். அங்கே தாயணுக்கள் இருக்கின்றன. அவை பிரிந்து, படிப்படியாக முதிர்ந்து, சிவப்பணுவாகவோ, தட்டணுவாகவோ, பலவகை வெள்ளையணுவாகவோ மாறி இரத்தத்தில் இறங்கும். வெள்ளையணுவில் ஒரு வகைக்கு மோனோசைட் என்று பெயர். இருப்பதிலேயே உருவத்தில் பெரியது இதுதான். அதன் உட்கரு அவரை விதை மாதிரி வளைந்திருக்கும். இந்த மோனோசைட்டுக்கு ஒரு குணம் உண்டு. இரத்தத்தில் ஓரிரு நாள்தான் சுற்றும். பிறகு இரத்தக் குழாயை விட்டு வெளியேறி ஈறு, தோல், நுரையீரல், ஈரல் என்று தசைகளுக்குள் குடியேறி, அங்கே வருகிற கிருமிகளையும் செத்த அணுக்களையும் விழுங்கும். நம் வாயில் எந்நேரமும் கிருமிகள் இருப்பதால் ஈறு அதற்குப் பழகிய இடம்.

இந்த நோயில் நடப்பது இது. மஜ்ஜையில் மோனோசைட்டாக வளர வேண்டிய ஒரே ஓர் இளம் அணுவில் டி.என்.ஏ. பழுதாகிறது. பழுதான அணு முதிர்வதை நிறுத்திவிடுகிறது, ஆனால் பெருகுவதை நிறுத்துவதில்லை. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, மஜ்ஜை முழுவதையும் அந்த அரைகுறை அணுக்களே அடைத்துக்கொள்கின்றன. நல்ல சிவப்பணு தயாராக இடமில்லை, அதனால் சோகை. தட்டணுவுக்கு இடமில்லை, அதனால் இரத்தக் கசிவு. நல்ல வெள்ளையணுவும் இல்லை, அதனால் காய்ச்சல். எண்ணிக்கையில் லட்சம் இருந்தாலும் ஒன்றும் வேலைக்கு ஆகாது. ஆனால் ஒரு பழக்கத்தை மட்டும் அவை மறப்பதில்லை. மோனோசைட் வம்சம் ஆயிற்றே, தசைக்குள் குடியேறும் பழக்கம்! கூட்டம் கூட்டமாக ஈறுக்குள்ளும் தோலுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்கின்றன. ஈறு வீங்குகிறது. அதனால்தான் அம்மா, உன் பிள்ளை பல் டாக்டரிடம் போனான். நோய் பல்லில் பிறக்கவில்லை, எலும்புக்குள் பிறந்து ஈறில் முகம் காட்டியது.

இந்த வகைக்கு எம்-5 என்று எண் கொடுத்தது 1976-இல் பிரெஞ்சு, அமெரிக்க, பிரிட்டிஷ் மருத்துவர்கள் சேர்ந்து செய்த பட்டியல். புற்றணுக்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் மோனோசைட் வம்சமாக இருந்தால் எம்-5. நுண்ணோக்கியில் பார்த்து, சாயம் ஏற்றி, எண்ணிப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

இனி, ஏன் வந்தது என்ற கேள்வி. உள்ளதைச் சொல்கிறேன். இந்த நோய் வந்த பெரும்பாலோர் விஷயத்தில் இன்ன காரணம் என்று எந்த டாக்டராலும் விரல் நீட்டிச் சொல்ல முடியாது. வயது ஒரு காரணம். நம்மைப் போன்ற 70 கடந்தவர்களில் பத்தில் ஒருவருக்காவது மஜ்ஜையில் ஓர் அணுக் கூட்டம் சிறு பழுதோடு சத்தமில்லாமல் இருந்துகொண்டிருக்கும். பயப்பட வேண்டாம்; அப்படி இருப்பவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒருவர் என்ற அளவுக்குக்கூட அது இரத்தப் புற்றாக மாறுவதில்லை. ஆனால் வெளியிலிருந்து வரும் காரணங்களில் சில ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்பட்டவை. கதிர்வீச்சு. வேறு புற்றுநோய்க்காகக் கொடுத்த சில மருந்துகள். புகை பிடிப்பது. பென்சீன்.

இந்த நான்கும் காரணம் என்று உலகத்துக்கு எப்படித் தெரிந்தது? இதுதான் என் கட்டுரையின் உயிர்நிலை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து சில ஆண்டுகளில் இரத்தப் புற்று கூடியது. ஒவ்வொருவரிடமும் போய், குண்டு விழுந்தபோது நீ எங்கே நின்றாய், எவ்வளவு தூரத்தில், சுவருக்கு உள்ளேயா வெளியேயா என்று கேட்டு எழுதினார்கள். அந்தத் தூரத்தையும் நோயையும் சேர்த்து வைத்துப் பார்த்ததில், கிட்டத்தில் நின்றவர்களுக்கு நோய் அதிகம் என்று தெரிந்தது. எட்டோபொசைடு என்று ஒரு புற்றுநோய் மருந்து. அதைக் கொடுத்துக் குணமான சிலருக்கு, இரண்டு மூன்று ஆண்டுகளில், 11-ஆவது குரோமோசோமில் முறிவோடு இதே மோனோசைட் வகை இரத்தப் புற்று வந்தது. யாருக்கு எந்த மருந்து எத்தனை மில்லிகிராம் என்று மருத்துவமனைக் கோப்பில் இருந்ததால்தான் அது பிடிபட்டது.

துருக்கியில் முசாஃபெர் அக்சோய் என்று ஒரு இரத்த நோய் மருத்துவர் இருந்தார். இஸ்தான்புல்லில் தன்னிடம் வந்த இரத்தப் புற்று நோயாளிகளிடம் அவர் கேட்டது, “நீ என்ன வேலை செய்கிறாய்?” என்பது. பலர் செருப்புத் தொழிலாளிகள். சின்னச் சின்ன அறைகளில் உட்கார்ந்து, பென்சீன் கலந்த பசையால் தோலை ஒட்டியவர்கள். 1967 முதல் 1973 வரை அப்படி 26 பேரைக் கணக்கெடுத்தார். அந்த ஊரில் சுமார் 28,500 செருப்புத் தொழிலாளிகள். இரண்டையும் வகுத்துப் பார்த்து, மற்றவர்களைவிட இவர்களுக்கு இரண்டு மடங்கு வருகிறது என்று 1974-இல் எழுதினார். பசையில் பென்சீனை விலக்க ஆரம்பித்த பிறகு அந்தத் தொழிலாளிகளிடையே நோய் இறங்கியதையும் அவரே பிற்பாடு பதிவு செய்தார். பெரிய இயந்திரம் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. ஒரு கேள்வி, ஒரு நோட்டுப் புத்தகம்.

இப்போது நான் அந்த இரவுக்கு வருகிறேன். சென்னையில் சேர்க்கை மேசையில் பையனுக்குத் துணையாக நின்றவன் நான்தான். அம்மாவுக்குக் கையெழுத்து நடுங்கியது. மேசையில் இருந்தவர் வேகமாகக் கேட்டுக்கொண்டே போனார். பெயர், வயது, தகப்பனார் பெயர், ஊர். தொழில் என்ற இடம் வந்தது. அம்மா, “கம்பெனி வேலைக்குப் போறான்” என்றாள். “என்ன வேலை?” “காண்ட்ராக்ட்ல கூலி.” ‘கூலி’ என்று எழுதி அடுத்ததற்குப் போய்விட்டார்.

நான் பக்கத்தில் நின்றேன். 36 ஆண்டு அரசு அலுவலகத்தில் படிவம் நிரப்பியவன், நிரப்பாத படிவத்தைத் திருப்பி அனுப்பியவன். ‘கூலி’ என்பது சம்பளம் வாங்கும் முறையே தவிரத் தொழில் அல்ல என்று எனக்குத் தெரியாதா? தின்னரில் கழுவுகிறவன், ஏழு வருடம் என்று நான் சொல்லியிருக்கலாம். பையன் உயிர் பிழைத்தால் போதும், இப்போது எதற்கு வம்பு என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த மேசைக்காரர் மீது எனக்குக் கோபமில்லை. அவர் பின்னால் இருபது பேர் நின்றார்கள். என் மேல்தான் கோபம். பிறகு இருபத்து மூன்று நாளும் எந்த டாக்டரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவனுடைய கோப்பில் இறுதி வரைக்கும் ‘கூலி’தான்.

இதனால் என்ன நஷ்டம் என்பீர்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் 89-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதோடு மூன்றாம் அட்டவணை. தெரிவிக்கப்பட வேண்டிய நோய்கள் அதில் வரிசையாக இருந்தன: ஈய நஞ்சு, பாதரச நஞ்சு, சிலிகோசிஸ் என்று. பென்சீன் நஞ்சும் அதன் பின்விளைவுகளும் அந்தப் பட்டியலில் உண்டு. தொழிற்சாலையில் வேலை செய்கிற, அல்லது முன்பு செய்த ஒருவருக்கு அந்த நோய் இருப்பதாக மருத்துவர் கருதினால், நோயாளியின் பெயர், முகவரி, நோய், கடைசியாக வேலை செய்த தொழிற்சாலையின் பெயர் ஆகியவற்றைத் தாமதமின்றித் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும். எழுதாவிட்டால் மருத்துவருக்கு அபராதம் உண்டு. ஆலை மேலாளருக்கும் இதே கடமை. அந்தச் சட்டத்தை உள்வாங்கிக்கொண்ட 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் இந்த அட்டவணை இருக்கிறது. கவனியுங்கள்: ‘மருத்துவர் கருதினால்’. ‘கூலி’ என்ற சொல்லைப் பார்த்து எந்த மருத்துவர் பென்சீனைக் கருதுவார்?

இழப்பீட்டுக்கு 1923-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு இருந்தது. அதன் மூன்றாம் அட்டவணையின் இரண்டாம் பகுதியில் பென்சீனால் வரும் நோய்கள் இருந்தன. அந்த வேலையில் தொடர்ந்து ஆறு மாதத்துக்குக் குறையாமல் இருந்தவனுக்கு அந்த நோய் வந்தால், அது வேலையில் ஏற்பட்ட விபத்தாகவே கொள்ளப்படும். இல்லை என்றால் அதை முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். ஈ.எஸ்.ஐ. சட்டத்திலும் இப்படி ஒரு பட்டியல் இருந்தது. ஏழைத் தொழிலாளி ஆய்வுக்கூடம் வைத்து நிரூபிக்க முடியாது என்று யோசித்துத்தான் சட்டம் எழுதியவர்கள் பாரத்தை எதிர்ப்பக்கம் வைத்தார்கள். ஆனால் அந்த வாசலுக்குள் நுழைய ஒரு சீட்டு வேண்டும். இன்ன வேலை, இன்ன பொருள், இத்தனை மாதம் என்று எழுதிய சீட்டு. நம்மிடம் அதுதான் கிடையாது.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்து சேர்ந்த திருவாலங்காட்டுக்கு நான் உத்தியோகத்தின் பேரில் ரயிலில் வந்து தங்கிவிட்டேன். பழைய பழக்கத்தில் பிரெஞ்சில் வரும் சங்கதிகளைப் படிப்பதுண்டு. 1928-லேயே லியோன் நகரத்து மருத்துவப் பத்திரிகையில், பென்சீனைக் கையாண்ட தொழிலாளிக்கு வந்த இரத்தப் புற்றைப் பற்றி தெலோர், போர்கோமானோ என்ற இருவர் எழுதினார்கள். பிரான்சு 1931-இல் பென்சீன் நோய்களைத் தொழில் நோய்ப் பட்டியலில் நான்காம் அட்டவணையாகச் சேர்த்தது. ‘தாப்லோ’ என்பார்கள். ஒரு குமாஸ்தாவுக்குப் பார்க்கவே இனிப்பான அட்டவணை. மூன்றே கட்டம். முதல் கட்டத்தில் நோய். இரண்டாவதில் வேலையை விட்டு எத்தனை காலத்துக்குள் வந்தால் செல்லும் என்ற கணக்கு. இரத்தப் புற்றுக்கு 20 ஆண்டு. மூன்றாவதில் என்னென்ன வேலைகள் என்ற வரிசை. மூன்றும் பொருந்தினால் தொழில் நோய் என்று ஏற்றுக்கொள்வார்கள். நம் சட்டமும் இதே வழியில்தான் போகிறது. ஆனால் அங்கே மூன்றாவது கட்டத்தை நிரப்புகிறார்கள். இங்கே நாம் கூலி என்று போடுகிறோம்.

இப்போது பந்தியில் பேசிய இருவருக்கும் தனித்தனியாகப் பதில்.

விதி என்ற நண்பரே! உங்கள் வாயிலிருந்து வந்த சொல் அந்த வீட்டில் என்ன செய்தது தெரியுமா? பையனின் தங்கைக்கு ஆவணியில் நிச்சயம் செய்வதாக இருந்த வரன் தட்டிப்போய்விட்டது. “அந்த வீட்டு இரத்தமே சரியில்லையாமே” என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்களாம். விதி என்று ஒருவர் சொன்னால் அடுத்தவர் வம்சம் என்பார், அதற்கடுத்தவர் பாவம் என்பார். மேலே சொன்னதைத் திரும்பப் படியுங்கள். பழுது அவனுடைய மஜ்ஜையில் ஓர் அணுவில், அவன் வளர்ந்த பிறகு உண்டானது. பரம்பரையாக இது வருவது மிக அபூர்வமான சில குடும்பங்களில்தான். தொற்று நோயும் அல்ல. அந்தப் பெண்ணின் இரத்தத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அரசு அலுவலகத்தில் எங்களுக்கு விதி என்றால் எழுதி வைத்த விதிதான். அது இருக்கிறதா, பின்பற்றினார்களா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே இருப்பவனைக் கூப்பிட வேண்டும்.

கெமிக்கல் என்ற நண்பரே! உங்கள் ஆத்திரம் நியாயமானது. ஆனால் நீங்கள் தயாரித்து என்னிடம் திருத்தக் கொடுத்த மனுவைச் சொல்கிறேன். இரண்டு பக்கத்தில் ‘கொடிய’ என்ற சொல் ஏழு இடத்தில் இருந்தது. தேதி ஓரிடத்தில்கூட இல்லை. எந்தப் பொருள் என்பதும் இல்லை. அதை வாங்குகிற அதிகாரி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ‘விவரம் தேவை’ என்று திருப்பத்தான் செய்வார். அவர் நாற்காலியில் நான் இருந்தாலும் அதையே செய்வேன்.

கெமிக்கல் என்று பொதுவாகச் சொல்லிப் பயனில்லை. தின்னர் என்பது ஒரே பொருள் அல்ல, கலவை. பெரும்பாலும் டொலுவீன், சைலீன் முதலியவை இருக்கும். அவை தலைசுற்றலும் நரம்புக் கோளாறும் கொடுக்கும். இரத்தப் புற்றைக் கொடுப்பதாக நிறுவப்படவில்லை. ஆனால் அவற்றோடு பென்சீனும் கலப்படமாக இருக்கக்கூடும். எவ்வளவு என்பது வாங்குகிற சரக்கைப் பொறுத்தது. பென்சீன் மூச்சில் ஏறி, ஈரலில் உருமாறி, மஜ்ஜைக்குப் போய் அங்கே குயினோன் என்ற பொருளாகிக் குரோமோசோமை முறிக்கிறது. அந்த லியோன் நகரத்திலேயே இன்று இருக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, அதை மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் வைத்திருக்கிறது. பையன் கழுவிய டிரம்மில் அது இருந்ததா? எவ்வளவு? எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. டிரம்மின் மேல் ஒட்டியிருந்த லேபிளை யாரும் குறித்து வைக்கவில்லை. அவன் அம்மாவிடம் இருப்பது ஒரே ஓர் அடையாள அட்டை. அதில் காண்ட்ராக்டர் பெயர் இருக்கிறது, கம்பெனி பெயர் இல்லை. பதவி: ஹெல்ப்பர்.

ஆகவே பென்சீன்தான் அவனைக் கொன்றது என்று நான் எழுத மாட்டேன். இல்லை என்றும் எழுத மாட்டேன். இரண்டில் எதையும் சொல்ல முடியாதபடி ஆக்கிவிட்டோம். அதுதான் என் குற்றச்சாட்டு.

சில ஆட்சேபணைகளை எதிர்பார்க்கிறேன். டாக்டருக்கு ஏது நேரம் என்பார்கள். “என்ன வேலை? எந்தப் பொருளைத் தொடுகிறாய்? எத்தனை வருடம்?” இதைக் கேட்க அரை நிமிடம் போதும், நர்ஸ் அம்மாகூடக் கேட்கலாம். எழுதினால் வேலை போய்விடும் என்பார்கள். வீட்டுப் பெட்டியில் இருக்கும் நோட்டைப் பார்த்து எந்த முதலாளி வேலையை விட்டு நிறுத்துவார்? இந்தக் காலத்து ஆலைகள் பத்திரமானவை, பெட்ரோலிலேயே பென்சீன் ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று குறைத்துவிட்டார்கள் என்பார்கள். குறைத்தது உண்மைதான், நல்ல காரியம். வெளிக்காற்றில் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்று 2009-இல் வரம்பும் வைத்தார்கள். ஆலை பத்திரமானது என்றால் பதிவேடும் அதையே சொல்லும். ஒழுங்காக நடத்தும் முதலாளிக்குத்தான் அது முதல் சாட்சி.

ஆலையை மட்டும் சொல்வானேன்? நம் கடைத்தெருவுக்கு வாருங்கள். டூவீலர் மெக்கானிக் கடையில் பையன்கள் செயினையும் கார்புரேட்டரையும் பெட்ரோலில் கழுவி, அதே பெட்ரோலில் கையையும் கழுவுகிறார்கள். டேங்கிலிருந்து டியூப் வைத்து வாயால் உறிஞ்சி எடுக்கிறார்கள். ஒரு சதவீதம் என்றாலும் பென்சீன்தானே? பீடி, சிகரெட்டுப் புகையிலும் அது இருக்கிறது. கும்மிடிப்பூண்டியைத் திட்டிக்கொண்டே திண்ணையில் பீடி பிடிக்கும் பெரியவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னை நகரப் புற்றுநோயாளிகளின் பதிவேட்டை நடத்துகிறது. 2012 முதல் தமிழ்நாடு முழுவதற்குமாகப் பதிவுப் பணி விரிந்தது. எத்தனை பேருக்கு, எந்த வயதில், எந்த ஊரில் என்று அவர்கள் எண்ணுவதால்தான் நமக்கு ஏதாவது தெரிகிறது. ஆனால் எண்ணுகிறவர் கோப்பில் இருப்பதைத்தானே எண்ண முடியும்? கும்மிடிப்பூண்டியிலோ காக்களூரிலோ பெயிண்ட் செக்ஷனில் இருந்த பத்துப் பேருக்கு ஒரே நோய் வந்தாலும், பத்து கோப்பிலும் ‘கூலி’ என்று இருந்தால் அக்சோயே எழுந்து வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

என்னைப் போல் ஓய்வு பெற்றுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நண்பர்களுக்கு இப்போது வேலை சொல்கிறேன். நமக்குத் தெரிந்த ஒரே வித்தை படிவம் நிரப்புவது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ கம்பெனி வேனில் போகும் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை உட்கார வையுங்கள். ஒரு நோட்டில் இவற்றை எழுதுங்கள்: எந்தத் தேதியிலிருந்து வேலை, காண்ட்ராக்டர் பெயர், வேலை நடக்கும் ஆலையின் பெயர், இடம், எந்த செக்ஷன், கையால் தொடும், மூச்சில் ஏறும் பொருள்கள் என்னென்ன, டிரம் லேபிளில் அச்சடித்திருக்கும் பெயர், எழுத்துக்கு எழுத்து அப்படியே, முகமூடி, கையுறை கொடுக்கிறார்களா, ஈ.எஸ்.ஐ. எண். வேலை மாறினால் பழையதை அடிக்காமல் கீழே புதிதாக எழுதுங்கள். இந்த நோய் வேலையை விட்டுப் பத்துப் பதினைந்து வருடம் கழித்தும் வரலாம். சம்பளச் சீட்டுகளையும் அதோடு வைத்துத் தையுங்கள்.

ஆஸ்பத்திரியில் எதற்காகப் போனாலும், தொழில் என்ற இடம் வந்ததும் வாயைத் திறங்கள். காரணமில்லாத சோகை, நிற்காத ஈறு இரத்தம், தோலில் தானாக வரும் நீலத் திட்டு, விடாத காய்ச்சல் என்றால் தள்ளிப்போடாமல் இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த நோயில் நாள் கணக்கு முக்கியம். சைட்டரபின் ஏழு நாள், டானோரூபிசின் மூன்று நாள் என்று தொடங்கும் வைத்தியத்தில் தேறி எழுந்தவர்களும் உண்டு.

நான் ஆரம்பித்துவிட்டேன். எங்கள் தெருவில் ஒன்பது பையன்களுக்கும் இரண்டு பெண்களுக்கும் எழுதி முடித்தாயிற்று. பதினொரு பேரில் எட்டுப் பேருக்குத் தாங்கள் தொடுகிற பொருளின் பெயர் தெரியவில்லை. அடுத்த வாரம் லேபிளைப் பார்த்துக்கொண்டு வருகிறேன் என்று போயிருக்கிறார்கள். போனவனுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அவனோடு வேனில் போனவர்களைக் கேட்டுக் கேட்டு நிரப்பிக்கொண்டிருக்கிறேன். அரைப் பக்கம் வந்திருக்கிறது.

ஞாயிறு மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை வீட்டில்தான் இருப்பேன். அடையாள அட்டையையும் ஈ.எஸ்.ஐ. அட்டையையும் எடுத்துக்கொண்டு பிள்ளைகளை அனுப்பி வையுங்கள். நோட்டு நான் வாங்கித் தருகிறேன்.